சந்தேகத்துக்கு ஒரு பணியிடம்

ஜூன் 9, திங்கள்

இன்று முதல் நான் பேராசிரியர். உதவிப் பேராசிரியர், அதுவும் தற்காலிகம். ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவார்களாம். எட்டாம் வகுப்புப் படித்தவனுக்கு இதுவே அதிகம் என்று வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

தெலுங்குபாளையத்தில் இருபத்தைந்து வருடம் தங்கம் தட்டினேன். பிறகு ஒன்பது வருடம் மிக்ஸி கம்பெனியில் டிசைனர். சட்னி கூரைக்குத் தெறிக்காத மூடி என்று டிவியில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே காட்டுவாளே, அந்த மூடி என்னுடையது. தோட்டுத் திருகாணியின் மரையைப் பெரிதாக்கி மூடிக்கு வைத்தேன், அவ்வளவுதான். அதற்கு டெல்லியில் கேடயம் கொடுத்தார்கள். இப்போது முதலாளி நீலாம்பூர்ப் பக்கம் ஒரு டிசைன் கல்லூரி ஆரம்பித்து, பிள்ளைகளுக்குக் கைவேலை கற்றுக்கொடுங்கள் என்று என்னை அனுப்பிவிட்டார். கம்பெனியில் என் மேசை இருந்த இடத்தில் ஏதோ மிஷினைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். திரும்பிப் போக இடமில்லை.

பிரின்சிபால் டாக்டர் எழிலரசனுக்கு முப்பத்தெட்டு வயது, வெளிநாட்டுப் படிப்பு. ‘நம்பிக்கையே படைப்பின் தாய்’ என்று வாசலில் எழுதி வைத்திருக்கிறார். கல்லூரியில் எந்தக் கதவுக்கும் பூட்டு கிடையாது. கழிவறைத் தாழ்ப்பாளை மட்டும் ஆசிரியைகள் சண்டை போட்டு வாங்கியிருக்கிறார்கள்.

முப்பது மாணவர்கள். எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். மூடியின் மேலிருக்கும் குமிழை எப்படிச் செய்வது என்று காட்டுவதற்காகப் பித்தளைக் கட்டி ஒன்றைப் பிடியில் மாட்டி அரத்தை வைத்தேன். கை ஓடவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

இன்றும் ஓடவில்லை. வாயால் சமாளித்தேன்.

ஜூன் 13, வெள்ளி

காரணம் எனக்குத் தெரியும். இங்கே யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை.

வெளியாருக்கு இது புரியாது. நகை செய்யக் கொடுப்பவர் கொடுத்துவிட்டுப் போய்விட மாட்டார். எதிரே உட்காருவார். தங்கத்தை உருக்குவதிலிருந்து மெருகு போடும்வரை என் கையைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். அவருக்குப் பசித்தால் சம்சாரம் வந்து முறை மாற்றிக்கொள்வாள். தாய்ப்பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான், பெற்ற தாயின் நகையிலும் துளி கிள்ளுவான் என்று பழமொழியே இருக்கும்போது அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நானும் அதற்கேற்றபடிதான் இருந்தேன். பை வைத்த சட்டை போட மாட்டேன். வேட்டியை மடித்துக் கட்ட மாட்டேன். தலை அரித்தாலும் சொறிய மாட்டேன், எண்ணெய்த் தலையில் பொன்பொடி ஒட்டுமே. எழுந்திருக்கும்போது தாம்பாளத்தின் மேல் வேட்டியை உதறிவிட்டுத்தான் எழுவேன். ஒரு குன்றிமணி எடுத்ததில்லை. அப்படி எடுக்காமலிருப்பதைப் பார்க்க எதிரே ஓர் ஆள் வேண்டாமா? சந்தேகக் கண் மேலே விழுந்தால்தான் என் கை ஓடும். இல்லாவிட்டால் வெண்டைக்காய் கூட நறுக்க வராது. அதனால்தான் வீட்டில் சோறும் ரசமும் மட்டும்.

கம்பெனியிலும் முதல் மாதம் இதே கூத்துதான். முதலாளி புத்திசாலி. ஸ்டோர்ஸில் தெய்வாத்தாள் என்று ஓர் அம்மாள் இருந்தார். புது போல்ட் கேட்டால் பழைய போல்ட்டைக் காட்டச் சொல்பவர். முதலாளியே பழைய போல்ட்டோடு போனதாகச் சொல்வார்கள். தெய்வாத்தாளை முதலாளி கொண்டுவந்து என் எதிரே உட்கார வைத்தார். சம்பளப் பட்டியலில் ‘தர ஆய்வு உதவியாளர், உட்கார்ந்த நிலை’ என்று ஒரு பதவி உண்டாயிற்று. அந்த அம்மாள் முதல் நாளே சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

“ஆசாரியாரே, எங்கம்மா கம்மல்ல ஒரு ஆசாரி கை வெச்சுட்டான். உங்க தொழில் எனக்குத் தெரியுமுங்க.”

அன்று மத்தியானமே மூடி பாதி முடிந்துவிட்டது. ஒன்பது வருடம், காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்தரை வரை, அப்படியொரு பார்வை. கண் கொட்ட மாட்டார்.

ஜூன் 24, செவ்வாய்

பிரின்சிபாலிடம் போய், என்னைச் சந்தேகப்பட ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டேன். தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். யாராவது மனதைப் புண்படுத்திவிட்டார்களா என்று விசாரித்தார். கேமரா வைத்தால் போதுமா என்றார். கேமரா பார்க்கும், சந்தேகப்படாது என்றேன். சந்தேகம் என்பது இந்த வளாகத்தில் அனுமதிக்கப்பட்ட உணர்ச்சி அல்ல என்று வருத்தத்தோடு சொன்னார்.

வெளியே வந்து முதலாளிக்குப் போன் போட்டேன். அவர் பிரின்சிபாலிடம் பேசியிருப்பார் போல. மாலையில் நோட்டீஸ் போர்டில் விளம்பரம் வந்துவிட்டது. சந்தேகப்படும் பணிக்கு ஆள் தேவை, முன் அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை.

பச்சரிசி தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

ஜூலை 2, புதன்

பதினான்கு பேர் வந்தார்கள். ரிட்டயர் ஆன பஸ் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஒருவர் உள்ளே நுழைந்ததுமே என்னிடமும் பிரின்சிபாலிடமும் டிக்கெட் கேட்டார். பழக்கதோஷம் என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டதில் ஆளின் தரம் இறங்கிவிட்டது. இரண்டு மருமகள்களை அனுபவச் சான்றாக அழைத்து வந்திருந்த ஓர் அம்மாள் நன்றாகத்தான் பார்த்தார், ஆனால் என் கையை அல்ல, மருமகள்களை. பழைய போலீஸ்காரர் ஒருவர் முதலில் இரண்டு தட்டு தட்டிவிட்டுப் பிறகு சந்தேகப்படுவதுதான் தன் முறை என்றார்.

கடைசியில் பிரின்சிபால் எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டார். எங்கள் கல்லூரியை நம்புகிறீர்களா? நம்புகிறேன் என்றவர்கள் வேலைக்குத் தகுதியில்லை. நம்பவில்லை என்றவர்கள் கல்லூரிக் கொள்கைக்கு ஒத்துவரவில்லை. பதினான்கு பேரும் தோற்றுப்போனார்கள். எல்லோருக்கும் டீயும் தேங்காய் பன்னும் கொடுத்து அனுப்பினோம்.

ஜூலை 14, திங்கள்

தெய்வாத்தாளைக் கம்பெனியிலிருந்து மாற்றல் போட்டு அனுப்பிவிட்டார்கள். முதலாளி வாழ்க.

காலை ஒன்பது மணிக்குச் சாப்பாட்டுக் கூடையோடு வந்து, பட்டறையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, என் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

“இங்க பூட்டே கெடையாதாமா ஆசாரியாரே? உங்களுக்கு நல்ல சௌரியமாப் போச்சு.”

அரத்தை எடுத்தேன். ஒரு மணி நேரத்தில் குமிழ். முப்பது பிள்ளைகளும் கைதட்டினார்கள். தெய்வாத்தாள் தட்டவில்லை. தராசைக் கொண்டுவரச் சொல்லிப் பித்தளைப் பொடியை எடை போட்டார்.

கடுகு நிறத்தில் புடவை, அரக்குக் கரை. நிறத்தைக் கவனிப்பது டிசைனர் வேலை, அதனால் எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 6, புதன்

வகுப்பை இரண்டிரண்டு பேராகப் பிரித்துவிட்டேன். ஒருவர் செய்பவர், ஒருவர் சந்தேகப்படுபவர். வாரம் ஒருமுறை மாறிக்கொள்ள வேண்டும். வேலைத்தரம் எங்கேயோ போய்விட்டது. கோணல் மரை போட்டுக்கொண்டிருந்த நிவேதினி என்ற பெண் இன்று ஒரு குழாய்த் திருகைச் செய்து காட்டினாள், தண்ணீர் ஒரு சொட்டு ஒழுகவில்லை. காதலர்கள் என்று எல்லோருக்கும் தெரிந்த ஒரு ஜோடி இதனால் பிரிந்துவிட்டது. பேசிக்கொள்ளாத வேறு இரண்டு பேர் கேன்டீனில் ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள். நான் என்ன செய்யட்டும்?

வகுப்பு முடிந்ததும் எல்லோரும் தட்டின் மேல் உடையை உதறிவிட்டு எழுகிறார்கள். பிரின்சிபால் அதைப் படம் பிடித்து ‘நன்றியறிதல் சடங்கு’ என்று கல்லூரி மலரில் போட்டுவிட்டார்.

தெய்வாத்தாளுக்கு நாற்பத்தெட்டு வயதாம். வீட்டுக்காரர் தவறி ஒன்பது வருடம் ஆகிறது. மகள் பொள்ளாச்சியில். இதெல்லாம் நான் கேட்கவில்லை, பேச்சுவாக்கில் வந்தது. நீங்கள் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்றார். பெண் பார்க்கப் போன வீடுகளிலெல்லாம் நகைகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் காபி கொடுத்தார்கள் என்றேன். சரியாகத்தான் செய்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம். லட்டு. விடுமுறை நாள் என்றால் நீளமாக இருக்கிறது.

செப்டம்பர் 4, வியாழன்

நடக்கக் கூடாதது நடந்துவிட்டது.

சாப்பாட்டு வேளையில் தெய்வாத்தாள் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி என் கையில் வைத்தார். அவருடைய அம்மாவின் சங்கிலி. கொக்கி அறுந்திருந்தது.

“நீங்களே வெச்சுக் குடுங்க சார்.”

எடை போட்டீர்களா என்று கேட்டேன்.

“உங்ககிட்டக் குடுக்கறதுக்கு எடை எதுக்குங்க சார்?”

ஒன்பது வருடமாக ஆசாரியார். இன்று ஒரே மூச்சில் இரண்டு முறை சார். எடைச்சீட்டு இல்லாமல் தங்கம் வாங்கியது என் பரம்பரையில் நான் ஒருவன்தான் இருப்பேன். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. ஏனென்று தெரியவில்லை.

செப்டம்பர் 6, சனி

கேஸ் சிலிண்டர் வந்தது. துணி துவைத்தேன்.

சங்கிலிக்குக் கொக்கி வைத்தேன். நாலைந்து வளையங்கள் இழையாகத் தேய்ந்திருந்தன. அறுந்து தெருவில் விழுந்தால் என்ன ஆவது? அவற்றையும் மாற்றினேன். வேறொன்றுமில்லை.

என் மோதிரம் விரலை இறுக்குகிறது. வயதானால் விரல் வீங்கும். கழற்றிவிட்டேன். இனிப் போடுவதாக இல்லை.

செப்டம்பர் 15, திங்கள்

சங்கிலியைத் திருப்பிக் கொடுத்து ஒரு வாரம் ஆகிறது. வாங்கியவர் அப்படியே கழுத்தில் போட்டுக்கொண்டார். தூக்கிப் பார்க்கவில்லை, உரசிப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து என் கையைப் பார்ப்பதையும் விட்டுவிட்டார். ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறார். வாரப் பத்திரிகையில் குறுக்கெழுத்துப் போடுகிறார். இன்று மத்தியானம் என் எதிரே உட்கார்ந்தபடி நிம்மதியாகத் தூங்கினார். முழுதாக இருபத்தைந்து நிமிடம். ஒரு பொற்கொல்லனுக்கு இதைவிட அவமானம் உண்டா?

கை நின்றுவிட்டது. பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாதென்று, மூட்டுவலி எனச் சொல்லிக் கட்டுப் போட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

போன வாரம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். கெட்ட பெயர் எடுக்க வேண்டும். அப்போதுதான் அந்தப் பார்வை திரும்ப வரும்.

முதலில் முக்கால் அடிப் பித்தளைக் கம்பி ஒன்றை டிபன் பையில் நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்து வாசலைத் தாண்டினேன். காவலாளி மயில்சாமி கூப்பிட்டார். மாட்டிக்கொண்டேன் என்று மகிழ்ந்தேன். கம்பி குத்திவிடப் போகிறது என்று நுனியில் துணி சுற்றிக் கொடுத்துவிட்டு, பஸ் வரைக்கும் பையையும் தூக்கிக்கொண்டு வந்தார்.

அடுத்த நாள் புரொஜெக்டர் ரிமோட்டை எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். இதற்கென்றே பை வைத்த சட்டை தைத்திருந்தேன். அடிக்கடி தொலைகிறது, நீங்களே வைத்திருங்கள் என்று பிரின்சிபால் கும்பிட்டார். மூன்றாவதாக, தெய்வாத்தாளின் கூடையிலிருந்து அவர் கண்ணெதிரே ஒரு முறுக்கை எடுத்துத் தின்றேன். மறுநாள் ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்து வைத்தார்.

ஊரில் திருடனெல்லாம் எப்படிப் பெயர் வாங்குகிறானோ. எனக்கு வரவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

தீபாவளியை முன்னிட்டு ‘மிகவும் நம்பிக்கைக்குரிய பணியாளர்’ விருது கொடுத்தார்கள். எனக்குத்தான். தெய்வாத்தாள் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். மேடையிலேயே கண் கலங்கிவிட்டது. ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

நவம்பர் 5, புதன்

அங்கீகாரக் குழு இருபதாம் தேதி வருகிறது. அவர்கள் முன்னால் ஒரு மணி நேரத்தில் நான் ஒரு பொருளைக் கையால் செய்து காட்ட வேண்டும். பட்டம் இல்லாத ஆசிரியரை வைத்துக்கொள்ள அதுதான் ஒரே வழியாம். செய்யாவிட்டால் டிசம்பரோடு சரி. பிரின்சிபால் இதைச் சொல்லிவிட்டு, உங்கள் மேல் எனக்கு முழு நம்பிக்கை இருக்கிறது என்று வேறு சேர்த்துக்கொண்டார்.

வேலை போனால் போகட்டும். ஒண்டிக்கட்டைக்கு எங்கேயும் பிழைப்பு உண்டு. ஆனால் நான் போனால் எதிரே இருக்கும் அந்த நாற்காலிக்கும் வேலையில்லை. தெய்வாத்தாளைத் திரும்ப ஸ்டோர்ஸுக்கு அனுப்பிவிடுவார்கள். அது எனக்குத் தாங்காது. எழுதிவிட்டேன், இனி அடித்துத் திருத்த மாட்டேன்.

நவம்பர் 17, திங்கள்

இரண்டு வாரமாக முயன்று பார்த்தேன், அரம் நகரவில்லை. இன்று தெய்வாத்தாளிடம் நேராகவே கேட்டேன். மூன்று நாளைக்காவது என்னைப் பழையபடி சந்தேகப்படுங்கள். முயற்சி செய்தார் பாவம். கண்ணை உருட்டிப் பார்த்தார், புருவத்தைச் சுளித்தார், கடைசியில் சிரித்துவிட்டார்.

“வர மாட்டேங்குதுங்க சார். உங்களப் போயி எப்படிங்க?”

வேறு வழியில்லாமல் பொய் சொன்னேன்.

“உங்க சங்கிலில நான் கை வெச்சிருக்கறனுங்க.”

சிரிப்பு அப்படியே நின்றது. எவ்வளவு என்று கேட்டார். எடை போட்டுப் பாருங்கள் என்றேன். கூடையை எடுத்துக்கொண்டு மூன்று மணிக்கே போய்விட்டார். அரத்தை எடுத்துப் பார்த்தேன். அப்போதும் ஓடவில்லை. பார்க்க ஆள் இருந்தால்தானே.

நவம்பர் 18, செவ்வாய்

தெய்வாத்தாள் லீவு. ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டேன்.

நவம்பர் 19, புதன்

பத்தரை மணிக்கு வந்தார். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. எல்லோரும் பார்க்க இரண்டு எடைச்சீட்டுகளை என் மேசையில் வைத்தார். ஒன்று நேற்றைய தேதி. இன்னொன்று செப்டம்பர் மூன்று.

சங்கிலியை என்னிடம் கொடுப்பதற்கு முதல் நாளே ராஜ வீதி நகைக்கடையில் எடை போட்டு வைத்திருக்கிறார்! எடை எதுக்குங்க என்று கேட்டதெல்லாம் நடிப்பு. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. திருப்பி வாங்கியபோது ஏன் போடவில்லை என்று கேட்டேன்.

“கொறஞ்சிருந்தா என்ன பண்றதுன்னு பயந்துட்டனுங்க. அதுக்குப் போடாமயே இருந்தறலாம்னு விட்டுட்டேன்.”

தாம்பாளத்தைத் துடைக்க ஆரம்பித்தேன்.

“முந்தி பதினாறு கிராம். இப்பப் பதினேழே முக்கால். ஏனுங்க ஆசாரியாரே, எந்த ஊர் ஆசாரி வந்த நகையில தங்கத்தச் சேத்திக் குடுப்பான்?”

பற்றவைத்ததில் கொஞ்சம் கூடியிருக்கும் என்றேன். ஒன்றே முக்கால் கிராம் பற்றா என்றார். மோதிரம் இல்லாத என் மோதிர விரலைப் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

எடுத்திருந்தால் ஒருவருக்கும் சங்கடமில்லை. சேர்த்திருக்கிறேன் என்றதும் கல்லூரியே கலங்கிவிட்டது. மயில்சாமி கறுப்புப் பணமாக இருக்குமோ என்றார். மத்தியானம் பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு, முதல் முறையாகத் தன் அறைக் கதவைச் சாத்திவிட்டு, உங்கள் உள்நோக்கம் என்ன என்று கேட்டார். என்னைப் பார்த்து ‘நம்புகிறேன்’ என்று அவர் சொல்லாத நாள் இதுதான். பிள்ளைகள் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. நிவேதினியைக் கேட்டேன். அவள் இன்னும் அதிகமாகச் சிரித்தாள்.

நவம்பர் 20, வியாழன்

குழுவில் மூன்று பேர். வெள்ளைத் தாளில் கட்டம் கட்டமாகப் படிவம்.

பட்டறையில் நான் உட்கார்ந்ததும் தெய்வாத்தாள் தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இவ்வளவு கிட்டே அவர் உட்கார்ந்ததில்லை. முன்பெல்லாம் கையை மட்டும் பார்ப்பார். இன்று கை, முகம், கை, முகம் என்று மாறி மாறிப் பார்த்தார். தங்கத்தை எடுப்பவனைப் பிடிக்கக் கையைப் பார்த்தால் போதும். சேர்ப்பவனை எங்கே பார்த்துப் பிடிப்பது என்று அவருக்கே தெரியவில்லை. அப்பேர்ப்பட்ட சந்தேகம் என் மேல் என் ஆயுளில் விழுந்ததில்லை.

கை ஓடியதா? பறந்தது. முப்பத்தெட்டு நிமிடத்தில் குமிழும் மரையும் முடித்து, ஜாரில் தண்ணீர் ஊற்றி, மூடியைத் திருகித் தலைகீழாகப் பிடித்தேன். ஒரு சொட்டு இல்லை. குழுத் தலைவர் வழுக்கைத் தலைக்கு மேலேயே பிடித்தேன், அவ்வளவு தைரியம் வந்துவிட்டது. தாம்பாளத்தின் மேல் உதறிவிட்டு எழுந்தேன்.

இந்த அம்மாளுக்கு இங்கே என்ன வேலை என்று தலைவர் கேட்டார். பிரின்சிபால் வாயைத் திறப்பதற்குள் தெய்வாத்தாளே சொல்லிவிட்டார்.

“இவர நம்பக் கூடாதுங்க. அதான் என் வேலை.”

மூவரும் கூடிப் பேசினார்கள். படிவத்தில் சந்தேகத்துக்குக் கட்டம் இல்லையாம். கடைசியில் ‘பிற வசதிகள்’ என்ற கட்டத்தில், நூலகத்துக்கும் குடிநீருக்கும் பக்கத்தில், தெய்வாத்தாள் பெயரை எழுதிக்கொண்டார்கள். என் வேலை நிரந்தரம் என்று பிரின்சிபால் காதோடு சொன்னார். சந்தேகப் பணியிடமும் நிரந்தரம்.

எல்லோரும் போன பிறகும் தெய்வாத்தாள் எழுந்திருக்கவில்லை. ஐந்தரை மணி பஸ்ஸை விட்டுவிட்டார்.

“எதிர்ல ஆள் உக்காந்து பாக்காட்டி கை ஓடாதும்பீங்க. இந்தச் சங்கிலிய உங்க வீட்டுல வெச்சுத்தான செஞ்சீங்க? அன்னிக்கு எதிர்ல யாரு உக்காந்திருந்தா?”

அண்டை வீட்டுக்காரர் என்று சொல்லலாமா என்று பார்த்தேன். கடன்காரர் என்று சொல்லலாமா என்று பார்த்தேன். முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார், பொய் எங்கே வருகிறது.

“நீங்கதானுங்க” என்றேன்.

கழுத்துச் சங்கிலியை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். இதையெல்லாம் வாயால் சொன்னால் நம்புகிற ஆள் தான் இல்லை என்றார்.

“ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு வர்றனுங்க. நேர்ல உக்காந்து பாத்தாத்தான் எனக்குத் திருப்தி.”

வீட்டில் ஒரே ஒரு நாற்காலிதான் இருக்கிறது. நாளைக்கு இன்னொன்று வாங்க வேண்டும்.